ஒருதலையான ஆட்டத்தில் மாற்றுக் குவார்ட்டர்பேக்கை எப்போது, எப்படிக் களமிறக்குவது?

2018 ஜனவரி 8 அன்று அட்லாண்டாவில் நடைபெற்ற அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தின் இடைவேளையில், அலபாமா அணி ஜார்ஜியாவிடம் 0-13 எனப் பின்தங்கியிருந்தது. அந்தப் பருவம் முழுவதும் முதன்மைக் குவார்ட்டர்பேக்காக (தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரராக) ஆடிவந்த ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவரான டுவா டாகோவைலோவாவைப் பயிற்சியாளர் நிக் சேபன் களமிறக்கினார். கூடுதல் நேரத்தில் டாகோவைலோவா எறிந்த 41 யார்டு பாஸை டிவான்டா ஸ்மித் பிடித்து டச்டவுன் ஆக்க (எதிரணியின் இறுதிக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்க்க), அலபாமா 26-23 என்ற கணக்கில் வென்றது. பார்த்தவர்களுக்கு அது ஒரு பெரும் சூதாட்டமாகத் தெரிந்தது. ஆனால் அந்த இளைஞர் அன்றைக்கு முதன்முதலாகப் பந்தைத் தொட்டவர் அல்லர். வாண்டர்பில்ட்டை 59-0 என்றும் ஓல் மிஸ்ஸை 66-3 என்றும் அலபாமா வென்றது போன்ற, முடிவு வெகு முன்னரே தெரிந்துவிட்ட ஆட்டங்களில், அதே பருவத்தில் சுமார் ஐம்பது பாஸ்களை அவர் எறிந்து பழகியிருந்தார்.

அதே டாகோவைலோவா, இரண்டு ஆண்டுகளுக்குள் இந்த விஷயத்தின் மறுபக்கத்துக்கும் சான்றானார். 2019 நவம்பர் 16 அன்று மிசிசிப்பி ஸ்டேட் அணிக்கு எதிராக அலபாமா 35-7 என முன்னணியில் இருந்தது. முதல் பாதி முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தன. அவரை வெளியே எடுக்கும் எண்ணம் இருந்தும், பாதி முடிவில் ஆடும் அவசர ஆட்டத்துக்கு ஒரு பயிற்சியாகட்டும் என்று விட்டுவைத்ததாகச் சேபன் பின்னர் விளக்கினார். அந்த நேரத்தில்தான் எதிரணியினர் அவர் மேல் விழுந்ததில் அவருடைய இடுப்பு மூட்டு விலகியது. அவருடைய கல்லூரி ஆட்டமே அத்துடன் முடிந்தது. அணிக்கு அந்தப் பயிற்சி தேவைப்பட்டது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது தேவைப்பட்டவர் டாகோவைலோவா அல்லர், ஓரத்தில் நின்றுகொண்டிருந்த மேக் ஜோன்ஸ். அடுத்த ஆண்டு, ஆடிய 13 ஆட்டங்களையும் வென்று அலபாமா சாம்பியன் ஆனபோது குவார்ட்டர்பேக்காக இருந்தவர் அதே ஜோன்ஸ்தான்.

அமெரிக்காவில் பள்ளி அணிக்கோ சிறுவர் அணிக்கோ உதவிப் பயிற்சியாளராகப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மகனோ மகளோ அந்த அணியில் இருப்பதால் வெள்ளிக்கிழமை இரவுகளில் மைதானத்துக்குப் போகத் தொடங்கியிருக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும். இங்கே கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்து. நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். நடுவில் நிற்கும் சென்டர் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுப்பது ஸ்னாப். அதை வாங்கி, கொடுப்பதா எறிவதா ஓடுவதா என்று நொடியில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து அது கைமாறும் வரை நடப்பது ஒரு டிரைவ். முன்னே நின்று அவரைக் காக்கும் ஐவரை இக்கட்டுரையில் முன்வரிசை என்று குறிப்பிடுகிறேன்.

உருப்படியான வாய்ப்பு எது?

கடைசி நான்கு நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரரை இறக்கி, மூன்று முறை பந்தை ஓட்டக்காரரின் கையில் கொடுக்கச் சொல்லிவிட்டு, "அவனுக்கும் வாய்ப்புக் கொடுத்தாயிற்று" என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் வழக்கம் பல அணிகளில் இருக்கிறது. அது வாய்ப்பு அன்று, வருகைப்பதிவு. குவார்ட்டர்பேக்கின் வேலை பந்தை வாங்கிக் கொடுப்பது மட்டுமில்லை. ஓரத்திலிருந்து வரும் செய்தியைப் படித்து, பத்துப் பேருக்கு அதைச் சொல்லி, எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, ப்ளே கடிகாரம் (அடுத்த ஸ்னாப்புக்கு எஞ்சிய நொடிகளைக் காட்டுவது) தீர்வதற்குள் ஸ்னாப்பை வாங்கி, மூன்றாம் டவுனில் ஏழு யார்டு தேவைப்படும்போது யாருக்கு எறிவது என்று தெரிந்துகொள்வதுதான் அவருடைய வேலை. இவற்றுள் எதையும் செய்யாமல் அவர் இருபது நிமிடம் களத்தில் நின்றாலும் கற்றது ஒன்றுமில்லை. இவை எல்லாவற்றையும் செய்தால் இரண்டு டிரைவ்கள்கூடப் போதும்.

ஆகவே, நீங்கள் அவருக்குத் தர வேண்டியது நிமிடங்களை அல்ல, முழு டிரைவ்களை. அவற்றில் ஒன்றாவது, முதன்மை முன்வரிசை அவருக்கு முன்னால் நிற்கும்போது, வழக்கமான ப்ளேக்களோடு (முன்பே வகுத்துப் பழகிய ஆட்ட நகர்வுகளோடு), முடிவு இன்னும் சற்றேனும் பொருட்படுத்தப்படும் நேரத்தில் அமைய வேண்டும். மற்றவை எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

வாரத்தின் வேலை

வெள்ளி இரவு நடப்பது செவ்வாய்க்கிழமையே முடிவாகிவிடுகிறது. பயிற்சியில் ஸ்னாப்புகள் அனைத்தையும் முதன்மை ஆட்டக்காரருக்கே கொடுத்துவிட்டு, ஆட்டத்தின் நடுவே மாற்று ஆட்டக்காரரிடம் முழு ஆட்டத்தையும் எதிர்பார்ப்பது நியாயமன்று. நான்கில் ஒரு பங்கு ஸ்னாப்பாவது மாற்று ஆட்டக்காரருக்குப் போக வேண்டும் என்பது என் கணிப்பு. அதிலும் ஒரு பகுதி முதன்மைச் சென்டரோடு இருக்க வேண்டும். சென்டரின் கை வேகமும் பந்து வந்து சேரும் உயரமும் ஆளுக்கு ஆள் மாறும். புதிய இணைகள் முதலில் தவறவிடுவது பெரும்பாலும் ஸ்னாப்பைத்தான், பாஸை அன்று.

குரலும் அப்படியே. ஸ்னாப்புக்கு முன் குவார்ட்டர்பேக் எழுப்பும் ஒலியின் தாளத்தை நம்பித்தான் முன்வரிசை அசைகிறது. மாற்று ஆட்டக்காரரின் குரல் பழகாதிருந்தால் யாராவது ஒருவர் முன்கூட்டியே அசைந்து, ஐந்து யார்டு தண்டனை வாங்கித் தருவார். அதோடு அந்த டிரைவின் நிலையே மாறிவிடும். இடக்கைக்காரர் விஷயம் தனி. டாகோவைலோவா இடக்கைக்காரர், ஹர்ட்ஸும் ஜோன்ஸும் வலக்கைக்காரர்கள். இடக்கைக்காரர் எறியும் பந்து எதிர்த்திசையில் சுழன்று வருவதால் பிடிப்பவர்கள் தனியே பழக வேண்டும். அவர் ஓடியபடி எறிவதற்கு வசதியான பக்கமும் மாறிவிடும். உங்கள் அணியில் அப்படி ஒருவர் மாற்று ஆட்டக்காரராக இருந்தால் ப்ளே பட்டியலின் ஒரு பகுதியையே திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமைக்குள் அவரோடு தனியாகப் பத்து நிமிடம் உட்காருங்கள். எந்த ப்ளேக்களில் தனக்கு நம்பிக்கை என்று அவரையே கேட்டு, பன்னிரண்டு அல்லது பதினைந்தை ஓர் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் டவுனுக்கு இவை, மூன்றாம் டவுனில் குறைந்த தூரத்துக்கு இவை, அதிக தூரத்துக்கு இவை என்று பிரித்திருந்தால் போதும். ஆட்டத்தின் பரபரப்பில் முதன்மை ஆட்டக்காரருக்கென்று எழுதிய நீளமான பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பதைவிட இது பன்மடங்கு பயன்தரும். 2024 முதல் உயர்நிலைக் கல்லூரி அணிகளில் தலைக்கவசத்துக்குள் இருக்கும் வானொலி வழியாகப் பயிற்சியாளரே பேசலாம். அந்த இணைப்பும் ப்ளே கடிகாரத்தில் 15 நொடி இருக்கும்போது துண்டிக்கப்பட்டுவிடும். பள்ளி அணிகள் பெரும்பாலும் கை அடையாளங்களையும் மணிக்கட்டில் கட்டிய குறிப்பு அட்டையையும் நம்பியே இருக்கின்றன. ஆகையால் அந்த மணிக்கட்டு அட்டையை மாற்று ஆட்டக்காரரும் முதல் நிமிடத்திலிருந்தே கட்டியிருக்க வேண்டும். இறங்கும்போது கடன் வாங்கக் கூடாது.

எப்போது என்பதைக் கணக்குச் சொல்லட்டும்

புதிய பயிற்சியாளர்கள் தடுமாறுவது இங்கேதான். முன்னணியின் அளவை மட்டும் பார்ப்பவர்கள் எப்போதும் தாமதிப்பார்கள். "இன்னும் ஒரு டச்டவுன் போட்டுவிட்டு" என்ற எண்ணத்துக்கு முடிவே இல்லை. பார்க்க வேண்டியது எதிரணிக்கு இன்னும் எத்தனை டிரைவ்கள் கிடைக்கும் என்பதை. ஒரு டிரைவில் எவரும் அதிகபட்சம் 8 புள்ளிகளே எடுக்க முடியும்: டச்டவுனுக்கு 6, அதற்குப்பின் இரண்டு புள்ளி முயற்சி வென்றால் 2.

ஓர் எடுத்துக்காட்டு. பள்ளி ஆட்டத்தில் ஒவ்வொரு கால்பகுதியும் 12 நிமிடம். மூன்றாம் கால்பகுதியில் 6 நிமிடம் மீதமிருக்கிறது, நீங்கள் 28 புள்ளி முன்னணி என்று வைத்துக்கொள்வோம். எஞ்சியிருப்பது 18 நிமிடம். ஒரு டிரைவுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் என்றால் மொத்தம் ஆறு, எதிரணிக்கு மூன்று. அவர்கள் மூன்றையும் முழுமையாக ஆக்கினாலும் 24தான். நீங்கள் இனி ஒரு புள்ளிகூட எடுக்காவிட்டாலும், பந்தைத் தொடர்ந்து தவறவிட்டாலன்றித் தோற்க மாட்டீர்கள். இந்த நிலை வந்துவிட்டதென்றால் ஆட்டத்தை மாற்று ஆட்டக்காரரிடம் முழுமையாக ஒப்படைத்துவிடலாம்.

ஆனால், அதற்கு முந்தைய நிலையே மதிப்பு மிக்கது. அதே நேரத்தில் முன்னணி 21 ஆக இருந்தால் கணக்குப்படி ஆட்டம் முடியவில்லை. நடைமுறையில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. எதிரணியின் முதல்தரத் தற்காப்பு வீரர்கள் இன்னும் களத்தில் இருப்பார்கள், இன்னும் முழு மூச்சோடு ஆடுவார்கள். மாற்று ஆட்டக்காரருக்கு ஒரு முழு டிரைவ் தர வேண்டிய நேரம் அதுவே. மூன்று டச்டவுன் முன்னணியோடு மூன்றாம் கால்பகுதி தொடங்கினால் இரண்டாவது டிரைவ் அவருடையது என்று ஆட்டத்துக்கு முன்பே முடிவுசெய்து எழுதிவையுங்கள். முன்பே எழுதாத முடிவு ஆட்டத்தின்போது எடுக்கப்படுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாம் பாதியில் முன்னணி ஓர் அளவைத் தாண்டினால் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிடும் விதி பல மாநிலங்களின் பள்ளி ஆட்டங்களில் இருக்கிறது. அந்த அளவு பல இடங்களில் 35 புள்ளி; உங்கள் மாநில விதிப்புத்தகத்தைப் பாருங்கள். தோற்கும் அணியின் மீதான இரக்கத்தில் பிறந்த அந்த விதி, மாற்று ஆட்டக்காரரின் ஸ்னாப்புகளைத்தான் முதலில் விழுங்குகிறது. முழுமையடையாத பாஸுக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டிய ஓட்டத்துக்கும் கடிகாரம் நிற்காதபோது ஒரு கால்பகுதியில் இரண்டு டிரைவ் கிடைத்தாலே பெரிது. முன்னணி 35ஐத் தொடும்வரை காத்திருப்பவர், உண்மையில் வாய்ப்பு சுருங்கும்வரை காத்திருக்கிறார்.

பெரும் முன்னணியும் கரைந்ததுண்டே என்று தலைமைப் பயிற்சியாளர் கேட்பார், கேட்க வேண்டும். 2006 அக்டோபர் 21 அன்று நார்த்வெஸ்டர்ன் 38-3 என முன்னணியில் இருந்து மிச்சிகன் ஸ்டேட்டிடம் 38-41 எனத் தோற்றது. 2022 டிசம்பர் 17 அன்று இடைவேளையில் 33-0 என முன்னே இருந்த இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ், மினசோட்டா வைகிங்ஸிடம் 36-39 எனத் தோற்றது. இவை பேசப்படுவதே அரிதாக நிகழ்வதால்தான். ஆயினும் அச்சத்துக்கு மருந்து இந்த ஆட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. நமக்குப் பழக்கமான மற்றக் கால்பந்தில் வெளியே போனவர் திரும்ப வர இயலாது. இங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முன்னணி 16 புள்ளிக்கு, அதாவது இரண்டு டிரைவ்களில் எட்டிப்பிடிக்கும் தூரத்துக்கு இறங்கினால் முதன்மை ஆட்டக்காரர் திரும்புவார் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அதுவரை அவர் தலைக்கவசத்தைக் கையிலேயே வைத்திருக்கட்டும்; ஓரத்தில் அவ்வப்போது பந்தை எறிந்து கையைச் சூடாக வைத்திருக்கட்டும். காலணியைக் கழற்றிவிட்டு நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருக்கும் முதன்மை ஆட்டக்காரரைப் பார்க்கும்போது, திரும்பி வருவதற்கு ஏற்பாடு செய்யாத அணி அது என்பது தெரிந்துவிடும்.

யாரோடு அனுப்புவது?

குவார்ட்டர்பேக்கை மாற்றும்போது கூடவே பத்துப் பேரையும் மாற்றுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. இரண்டாம்தர முன்வரிசை எதிரணியின் முதல்தரத் தற்காப்பைத் தாங்காது. மாற்று ஆட்டக்காரர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தரையில் கிடப்பார். அதில் அவர் கற்பது ஓடுவதை மட்டுமே. முதல் டிரைவில் முன்வரிசை ஐவரும் முதன்மையானவர்களாகவே இருக்கட்டும். பிடிப்பவர்களில் ஒருவராவது அனுபவமுள்ளவராக இருக்கட்டும். ஓட்டக்காரரை மட்டும் அப்போதே மாற்றிவிடலாம். ஒவ்வொரு முறையும் அடிவாங்குபவர் அவர், ஓய்வு அவருக்குத்தான் முதலில் தேவை. இரண்டாவது டிரைவில் முன்வரிசையில் இரண்டு பேரை மாற்றுங்கள். வலக்கையால் எறிபவரின் முதுகுப்புறத்தைக் காப்பவர் இடது ஓரத்தில் நிற்பவர். இடக்கைக்காரருக்கு வலது ஓரத்தில் நிற்பவர். அவரைக் கடைசியாக மாற்றுங்கள்.

முன்வரிசையில் ஒருவருக்கு இந்த நேரத்தில் காயம் பட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு முழுமையான விடை இல்லை. ஒரு டிரைவ், அதிகம் போனால் இரண்டு என்ற வரம்பு அதனால்தான்.

மூன்றாவது குவார்ட்டர்பேக் யார் என்பதையும் அன்றே முடிவுசெய்யுங்கள். 2023 ஜனவரி 29 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்த என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) அரையிறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிராக் பர்டிக்கு முழங்கையில் காயம். அவருக்குப் பதிலாக வந்த ஜோஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி. வேறு ஆளில்லாமல், எறிய முடியாத கையோடு பர்டியே திரும்பினார். ஃபிலடெல்ஃபியா 31-7 என வென்றது. அவசரத்துக்கு மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொள்ளும் விதியை அந்த லீக் அதே ஆண்டில் கொண்டுவந்தது. பள்ளி அணியில் அந்த மூன்றாமவர் பெரும்பாலும் வேறோர் இடத்தில் ஆடுபவராகவே இருப்பார். அப்படியானால் மாற்று ஆட்டக்காரரைப் பந்தோடு ஓடச்சொல்லும் ப்ளேக்களை அட்டையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

களத்தில் என்ன ஆடுவது?

முதல் ப்ளே ஓர் எளிய ஓட்டமாக இருக்கட்டும். பந்து கைக்கு வர வேண்டும், ஓர் அடி வாங்கிய சத்தம் காதில் விழ வேண்டும், பதற்றம் தணிய வேண்டும். இரண்டாவது ப்ளே ஐந்தாறு யார்டில் முடியும் விரைவான பாஸாக இருக்கட்டும். அதற்குப்பின் அட்டையில் இருப்பதையெல்லாம் ஆடுங்கள். மூன்றாம் டவுனில் எட்டு யார்டு தேவை என்றால், பயந்து ஓட்டத்துக்குப் போகாமல் அவரை எறியவிடுங்கள். தவறு செய்தாலும் தாங்கும் நேரம் இது ஒன்றே. பந்து எதிரணியின் கைக்குப் போய்விட்டால் அவரை உடனே வெளியே இழுக்கவும் கூடாது. அடுத்த டிரைவையும் அவரே ஆட வேண்டும். ஒரு தவறுக்கு ஒரு தண்டனை என்று பழகியவர், பின்னொரு நாள் முக்கியமான ஆட்டத்தில் எறியவே தயங்குவார்.

டவுனுக்கு டவுன் ஓரத்திலிருந்து கத்திக்கொண்டிருக்காதீர்கள். ப்ளேயைச் சொல்லுங்கள், மீதத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும். கடிகாரத்தைக் கவனிப்பது, எதிரணியில் யார் பாய்ந்து வரக்கூடும் என்று முன்வரிசைக்குச் சுட்டிக்காட்டுவது ஆகிய இரண்டும் அவரிடமே இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் விலைமதிப்பு மிக்கது முதல் பாதியின் கடைசி இரண்டு நிமிடம். கடிகாரத்தோடு ஓடி, நேரத்தை நிறுத்தி, எல்லைக்கோட்டைத் தேடி ஆடும் அந்த ஆட்டத்தை எந்தப் பயிற்சி மைதானத்திலும் உண்மையாக உருவாக்கிவிட முடியாது. 2018 செப்டம்பர் 29 அன்று கிளெம்சன் அணிக்கு நடந்ததைப் பாருங்கள். அந்த வாரம் வரை மூன்றாமிடத்தில் இருந்தவர் சேஸ் பிரைஸ். முன்னாள் முதன்மை ஆட்டக்காரர் கெல்லி பிரையன்ட் அணியை விட்டுப் போய்விட்டார். புதிய முதன்மை ஆட்டக்காரர் டிரெவர் லாரன்ஸ் சிராக்யூஸுக்கு எதிரான ஆட்டத்தில் அடிபட்டு வெளியேறினார். கடைசிக் கால்பகுதியில் பின்தங்கியிருந்த நிலையில் பிரைஸ் அணியை 94 யார்டு கொண்டுசென்று 27-23 என வெல்லவைத்தார். கிளெம்சன் அந்தப் பருவத்தை 15-0 என முடித்துச் சாம்பியன் ஆனது. அத்தகைய நேரம் எந்த வாரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. ஆகையால் முதல் பாதி முடிவில் நான்கு டச்டவுன் முன்னணி இருந்தால், அந்த இரண்டு நிமிடத்தை மாற்று ஆட்டக்காரருக்கே கொடுங்கள். முற்பாதி என்பதால் எதிரணியும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

எதிரணியின் மானம்

மூன்றாம் கால்பகுதியில் மாற்று ஆட்டக்காரர் எறியத் தொடங்கினால், எதிரில் நிற்கும் பயிற்சியாளர் அதை வேண்டுமென்றே புள்ளிகளைக் குவிப்பதாக நினைக்கக்கூடும். 1916 அக்டோபர் 7 அன்று ஜார்ஜியா டெக், கம்பர்லாந்துக் கல்லூரியை 222-0 என வென்ற கதையை இந்த நாட்டில் கால்பந்து தெரிந்த எவரும் சொல்வார்கள். இடைவேளையிலேயே அது 126-0. அதே ஆண்டு பேஸ்பால் ஆட்டத்தில் கம்பர்லாந்திடம் 0-22 எனத் தோற்றதற்குப் பழிதீர்த்ததாகச் சொல்லப்படுகிறது. பழி இருந்ததோ இல்லையோ, நூறாண்டு கடந்தும் பேசப்படுவது அந்த எண்தான்.

எனக்குச் சரியாகப் படும் எல்லை இது. முதல் மூன்று கால்பகுதிகளில் வழக்கமான ப்ளேக்கள் அனைத்தையும் ஆடலாம். நான்காம் கால்பகுதியில் நீளமான பாஸ்களை விட்டுவிட வேண்டும். பத்து யார்டுக்கு உட்பட்ட பாஸ் தவறில்லை, டவுனைத் தக்கவைக்க எறிவதும் தவறில்லை. இரண்டு புள்ளி முயற்சி, தந்திர ப்ளேக்கள், நேரத்தை நிறுத்தக் கேட்பது, கூடிப் பேசாமல் விரைந்து ஆடுவது ஆகியவை வேண்டவே வேண்டாம். ப்ளே கடிகாரத்தைக் கடைசி ஐந்து நொடி வரை ஓடவிடுங்கள். மாற்று ஆட்டக்காரருக்கு எதிரணியைப் பார்க்க நேரம் கிடைக்கும், எதிரணிக்கும் இரவு சீக்கிரம் முடியும். ஆட்டத்துக்கு முன் கைகுலுக்கும்போதே, "எங்கள் இரண்டாமவருக்கு இந்த ஆண்டு சில டிரைவ்கள் தர வேண்டியிருக்கிறது, அவர் எறிவார்" என்று ஒரு வரி சொல்லிவைப்பவர்களை நான் மதிக்கிறேன். தேவையற்ற மனக்கசப்பை அது தவிர்த்துவிடுகிறது.

தோற்கும் பக்கத்தில் இருந்தால்?

ஒருதலையான ஆட்டம் என்றாலே வெல்லும் அணிதான் நினைவுக்கு வருகிறது. 2000 நவம்பர் 23 அன்று டெட்ராய்ட்டிடம் 9-34 எனத் தோற்ற நியூ இங்கிலாந்து அணியின் மாற்று ஆட்டக்காரர் அன்று எறிந்தவை மூன்று பாஸ்கள். ஒன்று மட்டுமே பிடிக்கப்பட்டது, அதுவும் ஆறு யார்டு. அந்தப் பருவம் முழுவதும் டாம் பிரேடி எறிந்தது அவ்வளவே. அடுத்த செப்டம்பரில் டுரூ பிளெட்சோ காயமுற்றபோது அணி அவரிடம் வந்தது. மூன்று பாஸ்களில் ஒருவர் எதையும் கற்றுவிடுவதில்லை. அன்று அவருக்கு இரண்டு முழு டிரைவ்கள் தந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றும்.

தோற்கும் அணிக்கு எறிவதைத் தவிர வேறு வழியில்லை என்பதால், மாற்று ஆட்டக்காரருக்கு அது நல்ல பள்ளிக்கூடம்; எவரும் முறையற்ற ஆட்டம் என்று குறை சொல்லவும் முடியாது. ஃபிராங்க் ரைக் 1984 நவம்பர் 10 அன்று மேரிலாந்துக்காக, மயாமியிடம் 0-31 எனப் பின்தங்கியிருந்த நிலையில் இடைவேளைக்குப்பின் வந்து 42-40 என வெல்லவைத்தவர். 1993 ஜனவரி 3 அன்று பஃபலோ பில்ஸின் மாற்று ஆட்டக்காரராக, ஹூஸ்டனிடம் 3-35 எனப் பின்தங்கிய ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் 41-38 என வென்றவரும் அவரே. முதல் அனுபவம் இரண்டாவதற்கு உதவியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை மட்டும். தோல்வியின் நடுவில் முதன்மை ஆட்டக்காரரை வெளியே எடுப்பது, பழியை அவர் மேல் போட்டதாகத் தெரியும். "இந்த ஆட்டம் முடிந்துவிட்டது, உன்னை அடுத்த வாரத்துக்குப் பத்திரப்படுத்துகிறேன்" என்று அவரிடம் நேராக, மற்றவர் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள்.

விதிகளும் பதிவேடும்

கல்லூரியில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பருவத்தில் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அந்த ஆண்டு தகுதிக்காலத்தில் (ஒரு மாணவர் கல்லூரி அணியில் ஆட அனுமதிக்கப்படும் ஆண்டுகளில்) கழிக்கப்படாது என்ற விதி 2018இல் வந்தது. அதே ஆண்டில் அலபாமாவின் மாற்று ஆட்டக்காரராக ஆகிவிட்டிருந்த ஹர்ட்ஸ், ஐந்தாவது ஆட்டத்திலும் களமிறங்கி அந்த ஆண்டைச் செலவழித்தார். டிசம்பர் 1 அன்று ஜார்ஜியாவுக்கு எதிராக டாகோவைலோவா காயமுற்றபோது, 21-28 எனப் பின்தங்கியிருந்த அணியை 35-28 என வெல்லவைத்தவரும் அவரே. யாரை எந்த நான்கு ஆட்டங்களில் ஆடவிடுவது என்பது பருவத்தின் தொடக்கத்திலேயே போட வேண்டிய திட்டம். விதி அவ்வப்போது மாறுவதால் நடப்பு விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிகளில், சில மாநிலங்கள் இளையோர் அணியிலும் முதன்மை அணியிலும் சேர்த்து ஒரு மாணவர் ஒரு வாரத்தில் எத்தனை கால்பகுதிகள் ஆடலாம் என்று வரையறுத்திருக்கின்றன. வியாழன் இரவு இளையோர் அணிக்கு முழு ஆட்டமும் ஆடியவரை வெள்ளி இரவு இறக்குவதற்கு முன் அதைச் சரிபார்க்க வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் புள்ளிவிவரத்தை அதிகம் பார்க்காதீர்கள். எதிரணியும் இரண்டாமவர்களை இறக்கியிருந்தால் நான்கில் நான்கு பாஸ் என்பதற்குப் பொருளில்லை. நான் எழுதிவைக்கச் சொல்வது வேறு: எத்தனை ஸ்னாப்புகள் எடுத்தார், அவற்றில் எத்தனை முதன்மை முன்வரிசையோடு, கடிகாரம் தீரும் முன் எத்தனை முறை ப்ளே தொடங்கியது, மூன்றாம் டவுனில் அவர் முதலில் பார்த்தது யாரை. வார இறுதியில் ஆட்டப் பதிவை அவரோடு உட்கார்ந்து பார்க்கும்போது இந்த நான்கையும் பற்றிப் பேசுங்கள். முதன்மை ஆட்டக்காரரும் கூட உட்கார்ந்தால் இன்னும் நல்லது; பயிற்சியாளர் பார்க்காததை அவர் பார்த்திருப்பார்.

கடைசியாக, மண்டியிட்டு ஆட்டத்தை முடிக்கும் ப்ளே. ஸ்னாப்பை வாங்கி ஒரு முழங்காலைத் தரையில் வைத்தால் போதும், கடிகாரம் ஓடிவிடும். எளிதென்று எண்ணி எவரும் பயிற்சி செய்வதில்லை. 1978 நவம்பர் 19 அன்று 17-12 என முன்னணியில் இருந்த நியூயார்க் ஜயன்ட்ஸ், மண்டியிடாமல் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுக்கப் போனது. கைமாற்றத்தில் பந்து தவறி விழ, ஃபிலடெல்ஃபியாவின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் அதை எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன் ஆக்கினார். ஜயன்ட்ஸ் 17-19 எனத் தோற்றது. ஆட்டத்தின் அந்தக் கடைசி ஸ்னாப்பை உங்கள் அணியில் எடுக்கப்போவது மாற்றுக் குவார்ட்டர்பேக்கும் மாற்றுச் சென்டரும் என்றால், வியாழக்கிழமைப் பயிற்சி முடியும் முன் அவர்கள் இருவரையும் சேர்த்து நிறுத்தி ஐந்து முறை அதைச் செய்யவையுங்கள். ஈரப் பந்தோடு இன்னும் இரண்டு முறை.